டெல்பீனின் பல்லுக்கு நாலு கல்

ரொறன்ரோ
11.01.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி றொபேட் எழுதிக்கொள்வது. குளிரைத் தவிர எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சுகமாக இருக்கிறேன். உங்களுடைய சுகமும் அம்மாவுடைய சுகமும் அறிய ஆவல். அம்மா பிரசர்க் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா? நீங்கள் அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டை கிடைத்தது. படுக்கைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா, ஒரு பெரிய விஷயம். நான் வேலை செய்கிற நகைக்கடையில் மூன்று வருடமாக மினுக்கல் மெசினோடுதான் நிற்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் செய்த மோதிரத்தை மினுக்கிக் கொடுப்பேன், அவ்வளவுதான். போன கிழமை டெல்பீன் என்று ஒரு பாட்டுக்காரி கடைக்கு வந்தா. கரிபியன் தீவொன்றில் பிறந்தவ. இங்கே அவவின் ஆட்களுக்குள் நல்ல பெயர். அந்த ஆட்கள் பல்லுக்குத் தங்க உறை போடுவார்கள். நம் ஊரில் மாதிரிப் பல் விழுந்து கட்டுவதில்லை. நல்ல பல்லுக்கு மேலேயே, மோதிரத்தைப் போல மாட்டிக் கழற்றுகிற உறை. டெல்பீனுக்கு மேல்வாய் முன்பல் நாலுக்கும் அப்படியொன்று வேணுமாம். பல்லுக்கு ஒன்றாக நாலு கல்லும் பதிக்க வேணுமாம். ஓகஸ்ட் தொடக்கத்தில் அவவின் ஆட்கள் நடத்துகிற ஊர்வலத்தில் லொறியில் நின்று பாடப் போகிறா. "என்ன கல்லெண்டாலும் வையுங்கோ. தெருவின்ர மற்றக் கரையில நிக்கிறவனுக்கும் தெரியோணும்" என்பதுதான் கட்டளை.

முதலாளி எங்களைப் பார்த்து, "கல்லைப் பற்றி ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கிவிட்டேன். இலங்கை கல்லுக்குப் பேர்போன நாடு, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கல் தெரியும் என்றும் சொல்லிவிட்டேன். அந்த நேரம் வாயில் வந்தது அதுதான். இது சரிவந்தால் எனக்குக் கல் பதிக்கும் மேசை கிடைக்கும். பிழைத்தால் ஆயுளுக்கும் மினுக்கல் மெசின்.

எனக்குக் கல்லும் தெரியாது, பல்லும் தெரியாது. உங்களுக்குப் பல் தெரியும். டெல்பீனின் பல்லை அச்செடுத்த பிளாஸ்டரை, ஊருக்கு வருகிற ஆனந்தராசா அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். எந்தக் கல், எப்படி வைக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேணும். கைவிட்டுவிடாதேங்கோ அக்கா.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி
றொபேட்

*

லிங்கநகர், திருகோணமலை
08.02.1998

யேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி றொபேட்டுக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் கிருபையால் இங்கே இரண்டு பேரும் சுகம். அம்மா குளிசை போடுகிறா. உன் கடிதம் வருகிற நாளில் மட்டும் மறந்துபோகிறா. நீ காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கல் தெரியுமா? எந்த வீட்டைச் சொன்னாய்? நம் வீட்டில் கல் என்றால் அம்மா அரிசியில் பொறுக்குகிற கல்தான். இலங்கையில் பிறந்தவன் எல்லாம் மாணிக்கம் தோண்டுகிறவன் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். நீயும் படிக்காமல் சோதினைக்குப் போன பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கியிருக்கிறாய். வாசித்துவிட்டு ஒரு பாட்டம் ஏசினேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அச்சு உடையாமல் வந்து சேர்ந்தது. வழியில் காவலரணில் ஆனந்தராசா அண்ணையின் பையைத் திறந்து பார்த்து, "இது யாரு பல்லு?" என்று கேட்டார்களாம். அவர் பயத்தில் "என்ர மனிசியின்ர" என்றாராம். மனிசி பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாவாம்.

அதை என் மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஆளைக் காணாமலே ஆளைத் தெரிந்துகொண்டேன். இடப்பக்கத்தால் சப்பிச் சாப்பிடுகிறவ. இடது முன்பல் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. அதை நேராக்கவோ ராவவோ ஒருவரிடமும் வாயைக் கொடுக்கவில்லை. தன் பல்லில் வெட்கப்படாத ஒரு பெண். எனக்கு அவவைப் பிடித்துக்கொண்டது.

செய்கிறேன். கல்லைத் தெரிவதோடு நிற்கமாட்டேன். உறையின் மாதிரியையும் நானே அக்றிலிக்கில் செதுக்கி அனுப்புவேன். அதை வைத்து நீங்கள் தங்கத்தில் வார்த்தால் சரி. ஆனால் எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

பதினொரு வருடமாகப் பல் டொக்டரின் பின்னறையில் இருந்து பல் கட்டுகிறேன். இந்த ஊரில் பாதிச் சனம் நான் கட்டின பல்லால்தான் சோறு தின்கிறது. சந்தையில் என்னைக் கண்டால் ஒருவருக்கும் ஆரென்று தெரியாது. வாசல் பலகையில் டொக்டரின் பெயர், பற்றுச்சீட்டில் டொக்டரின் பெயர். அது அவருடைய இடம், நான் குறை சொல்லவில்லை. இது என் வேலை. இதைப் போடப்போகிறவவிடம், 'இதைக் கட்டினது திருகோணமலையில் இருக்கிற என் அக்கா மரியமலர்' என்று நீ உன் வாயால் சொல்ல வேணும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

ஓம் என்றால் எழுது. இல்லையென்றால் ஆனந்தராசா அண்ணையின் மனிசியின் பல்லைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அன்புள்ள
அக்கா

*

ரொறன்ரோ
01.03.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மூக்கொழுகிற தடிமன் ஒன்று வந்து போய்விட்டது. அம்மாவின் சுகத்துக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஓம், ஓம், ஆயிரம் தரம் ஓம். நீங்கள் சொல்லியா நான் சொல்ல வேணும்? டெல்பீன் அடுத்த முறை கடைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். முதலாளி நாளாந்தம் கேட்கிறார், நான் யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்று சமாளிக்கிறேன். எனக்கு இரண்டு யோசனை. முத்து வைத்தால் என்ன? நாங்கள் கடல்கரை ஆட்கள், பொருத்தமாக இருக்கும். இல்லாவிட்டால் நல்ல சிவப்புக்கல். தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும்தானே?

இங்கே முழங்கால் அளவு பனி. கடை வாசலை வழிப்பதும் நான்தான்.

உங்கள் தம்பி
றொபேட்

*

லிங்கநகர்
29.03.1998

யேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, அங்கே கிடைக்காவிட்டால் எழுது. நாங்கள் சுகம்.

கிண்ணியா குறிஞ்சாக்கேணி ஜவாஹிர் நானாவைத் தெரியும்தானே. அவருடைய தாய் ஆமினா உம்மாவுக்கு நான்தான் மேல்வாய்ப் பல்செற் கட்டினேன். அவர் பேருவளைக்குப் போய்க் கல் வாங்கி விற்கிறவர். கல்லுக்கான கொடுக்கல் வாங்கலை அவரும் உன் முதலாளியும் நேரே எழுதி முடித்துக்கொள்ளட்டும், நான் அதற்குள் வரவில்லை. அவர் கிண்ணியாவிலிருந்து படகேறி ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கல்லும் ஒரு முத்தும் வாங்கி வைத்தேன்.

உன் முத்தைத் தேசிக்காய்ப் புளியில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அதன் மினுக்கம் போய், சுண்ணாம்புக் கட்டியாகக் கிடந்தது. கழுத்துக்கு முத்து சரி. புளியும் காரமும் போகிற வாய்க்கு முத்து நிற்காது.

மற்றக் கல்லுகளை மேசையில் வைத்துப் பார்த்து ஒன்றும் விளங்காது. அதனால் ஒரு கல்லை மெழுகால் என் முன்பல்லில் ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பத்தடி தூரத்தில் ஆர் வந்தாலும் நன்றாகச் சிரித்தேன். பச்சைக்கல்லைக் கண்டதும், பல்செற்றை இறுக்க வந்த ஆமினா உம்மா, "மகள், பல்லில வல்லாரை ஒட்டியிருக்கு" என்றா. மஞ்சள் புஷ்பராகத்தை ஒருவரும் கல்லென்றே நினைக்கவில்லை, பல்லு விளக்காதவள் என்று நினைத்தார்கள். கரு நீலத்தை ஜவாஹிர் நானா தன் பெட்டியிலேயே உயர்ந்த கல் என்று தந்தார். அதை ஒட்டிக்கொண்டு போனால் பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி தலையில் கை வைத்தா. "ஐயோ மலர், முன்பல்லு சூத்தை பட்டுட்டுதே! பல்லுக் கட்டுற உனக்கேவா இந்தக் கதி?" தூரத்தில் நின்று பார்த்தால் கரு நீலம் ஓட்டை மாதிரித்தான் தெரிகிறது.

கடைசியாக உன் சிவப்பு. அதை ஒட்டிக்கொண்டு உட்துறைமுக வீதியால் வந்தபோது காவலரணில் மறித்தார்கள். அடையாள அட்டையை நீட்டிச் சிரித்தேன். அந்தச் சிப்பாய் பயந்துபோய் "லே, லே" என்று என் வாயைக் காட்டினான். இரத்தம் என்று நினைத்துவிட்டான். பாவம் என்று கல்லைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினேன். பிழை அங்கேதான் தொடங்கியது. "வாய்க்குள்ள ஏன் ஒளிச்சது? வேற என்ன இருக்கு?" என்று பெரியவன் ஒருவன் வந்து கேட்டான். "வேற நாக்கு மட்டும்தான் இருக்கு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. பத்து மணிக்கு மறித்தவர்கள் பொழுதுபடத்தான் விட்டார்கள். சேதி கேட்டு ஜவாஹிர் நானா கல் வாங்கின பற்றுச்சீட்டோடு வந்து நின்றார். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நான் சுகம். சிவப்பு சரிவராது என்று தெரிந்துகொண்டேன்.

பிளாஸ்டருக்கு நிறம் இல்லை. அவவின் பல்லைப் பிடித்திருக்கிற முரசு என்ன நிறம், உதடு என்ன நிறம், பல் எவ்வளவு வெள்ளை, எத்தனை மணி வெயிலில் பாடுகிறவ, எல்லாம் எழுது. என் பெயரைச் சொன்னதும் அவ என்ன சொன்னா என்றும் எழுது.

அன்புள்ள
அக்கா

*

ரொறன்ரோ
26.04.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்களுக்கு உண்மையாகவே சுகம்தானா? பொழுதுபடும் வரைக்கும் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் சிவப்பு சரிவராது என்று எழுதுகிறீர்கள். எல்லாவற்றையும் விட்டுவிடுவோம் என்று எழுத நினைத்தேன். எழுத மனம் வரவில்லை, என் மேசை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அக்கா, இனிக் கல்லோடு தெருவில் இறங்காதேங்கோ.

நீங்கள் கேட்டவை. டெல்பீனின் முரசு நம் நாவற்பழம் மாதிரிக் கருமை. உதடும் அப்படித்தான். பல் நல்ல வெள்ளை, என் வாழ்க்கையில் அப்படி வெள்ளை காணவில்லை. ஊர்வலம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும், மூன்று மணி வரைக்கும் உச்சி வெயில்.

மற்ற விஷயம் ஞாபகத்தில் இருக்கிறது. இங்கே பனி கரைந்துவிட்டது, மரங்களில் துளிர் தெரிகிறது.

உங்கள் தம்பி
றொபேட்

*

லிங்கநகர்
24.05.1998

யேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று முதுகைப் பிடித்துக்கொண்டா, இப்போது சுகம்.

முடித்துவிட்டேன் றொபேட். இந்தப் பதினொரு வருடத்தில் இப்படி ஒரு வேலை செய்யவில்லை. பெருமையாகத்தான் எழுதுகிறேன், அடக்கம் எல்லாம் கோயிலுக்குப் போகும்போது வைத்துக்கொள்கிறேன்.

நாவல் நிற முரசு என்று நீ எழுதினதோடு எனக்குக் கல் தெரிந்துவிட்டது. வெளிர்நீலம். விடியற்காலையில் உட்துறைமுகத் தண்ணீர் இருக்கும் பார், அந்த நீலம். ஜவாஹிர் நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீலம் எண்டா கறுக்கோணும் தங்கச்சி. வெளிறினது மட்டக் கல்லு. கனடாக்காரன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?" என்றார். நானும் விடவில்லை. "உங்கட கணக்கு விரலுக்குச் சரி நானா. விரல் வெளிச்சத்தில இருக்கு. வாய் இருட்டு வீடு. அதுக்குள்ள இன்னும் இருட்டைக் கொண்டுபோய் வைக்க ஏலாது" என்றேன்.

கல்லுக்குப் பின்னால் தங்கம் வராமல் திறந்து விட்டிருக்கிறேன். அவவின் வெள்ளைப் பல்லே பின்னால் நின்று கல்லுக்கு வெளிச்சம் கொடுக்கும். பட்டை வெட்டின கல் வேண்டாம். அப்படி ஒன்றை ஒட்டிக்கொண்டு கோயில் பாடகர் குழுவில் ஒத்திகை பார்த்தேன். 'மாதாவே' என்று தொடங்க, இரண்டாம் அடியில் உதட்டின் உட்பக்கம் கிழிந்துவிட்டது. ஆகவே நாலும் பட்டை இல்லாமல் முகடு மாதிரி உருட்டின வழுவழுப்பான கல். உறையின் பின்பக்கத்தை நகக்கனத்துக்கு ராவியிருக்கிறேன். தடித்தால் 'ச' வரும் இடமெல்லாம் விசில் அடிக்கும், பாட்டுக்காரிக்கு அது மானப் பிரச்சினை.

இன்னொன்று கவனமாகக் கேள். திரும்பி நிற்கிற அந்த இடது பல்லை நான் நேராக்கிக் காட்டவில்லை. உறைக்குள் மறைப்பது சுகமான வேலைதான். ஆனால் அது அவவின் பல். திரும்பினபடியே விட்டு, அதற்கு மட்டும் ஒரு சாயல் கூடின நீலம் வைத்திருக்கிறேன். அந்தப் பல்லில் வெயில் சரிந்து விழும், கூடின நீலம் அங்கே மற்ற மூன்றோடு சமமாகிவிடும். கல்லுகளை மாற்றிப் போடாதேங்கோ. இலக்கம் போட்டு அனுப்புகிறேன்.

கடைசிச் சோதனைக்கு ஜவாஹிர் நானாவை எங்கள் ஒழுங்கையின் மற்ற அந்தத்தில் நிறுத்திவிட்டு, வெளிர்நீலத்தை ஒட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்று சிரித்தேன். தெருவில் இறங்கவில்லை, பயப்படாதே. அவர் கரு நீலக் கல் வைத்த பெட்டியை மூடி மடிக்குள் செருகினார். "சரி தங்கச்சி. இது வாய்க்கெண்டே பிறந்த கல்லு" என்றார். முப்பது வருடம் கல்லோடு வாழ்கிற மனிதர். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மாதிரியை ரொறன்ரோவுக்கு வருகிற கிறிஸ்தோபர் அண்ணை கொண்டு வருவார். கல்லுகள் கடதாசிகளோடு ஜவாஹிர் நானாவின் கொழும்பு ஆள் மூலம் வரும்.

என் பெயரைச் சொன்னாயா? போன கடிதத்தில் மரம் துளிர்த்ததை எழுதியிருந்தாய்.

அன்புள்ள
அக்கா

*

ரொறன்ரோ
16.08.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவும் நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். ஆனியிலும் ஆடியிலும் நீங்கள் போட்ட கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. வேலை மும்முரத்தில் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கோ.

வெற்றி அக்கா, வெற்றி! வார்த்து வந்ததை நானே மூன்று நாள் மினுக்கினேன். டெல்பீன் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. 'ச' வருகிற பாட்டாகப் பார்த்துப் பாடினா, ஒரு விசிலும் இல்லை. ஊர்வலத்தன்று நான் தெருவின் மற்றக் கரையில் சனத்துக்குள் நின்றேன். லொறி திரும்பினதும் அவ சிரித்தா. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் என் தோளைப் பிடித்து, "பார், பார், அவளின்ர வாயைப் பார்" என்றார்.

பத்திரிகையில் படம் வந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். முதலாளி எனக்குக் கல் பதிக்கும் மேசையைத் தந்துவிட்டார். ஜன்னல் ஓரம். அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

இங்கே இப்போது நல்ல வெயில், நம் ஊர் மாதிரி.

உங்கள் தம்பி
றொபேட்

*

லிங்கநகர்
06.09.1998

றொபேட்டுக்கு,

நான் சுகம். அம்மா சுகம்.

படத்தைப் பார்த்து அழுதேன். அவவின் வாயில் என் நாலு கல்லும் நான் நினைத்த மாதிரியே நிற்கின்றன. திரும்பின பல் திரும்பினபடி நிற்கிறது, நீலம் நாலும் சமம். ஜவாஹிர் நானாவுக்குக் காட்டினேன், ஆமினா உம்மாவுக்குக் காட்டினேன், குணேஸ்வரிக்குக் காட்டினேன். குணேஸ்வரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க மலர் உன்ர பேர்?" என்று கேட்டா. அப்போதுதான் நான் படத்தின் ஓரத்தைப் பார்த்தேன்.

மூன்று பக்கமும் கையால் கிழித்திருக்கிறாய். கீழ்ப்பக்கம் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாய். பத்திரிகைப் படத்துக்குக் கீழே எழுத்து இருக்கும். மயிரிழைக்கு ராவி வயிறு வளர்க்கிறவள் நான். வெட்டினதை என்னிடம் மறைக்க ஏலாது தம்பி.

அதில் ஆருடைய பெயர் இருந்தது?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். சொல்ல வேண்டியவவிடம் சொல்லு. அதன் பிறகு எழுது.

மரியமலர்

*

ரொறன்ரோ
25.10.1998

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குச் சுகமா என்று தெரியவில்லை. உங்கள் இருவரின் சுகத்தையும் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

வெட்டின துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். 'வடிவமைப்பும் கல் தெரிவும்: றொபேட்' என்றுதான் இருக்கிறது. பத்திரிகைக்காரன் கேட்டபோது முதலாளி என் முதுகில் தட்டி, "இவன்தான்" என்றார். நீங்கள் அனுப்பிய மாதிரியை நான் செதுக்கினதாகவே அவர் நினைத்திருந்தார், நான் இல்லை என்று சொல்லவில்லை. மூன்று வருடமாக இந்தக் கடையில் என்னை "ஏய் மினுக்கல்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் முறையாக என் பெயரை அச்சில் கண்டேன். அந்தத் துண்டைப் பேர்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். மார்ச்சில் உங்களுக்கு ஓம் என்று எழுதும்போது பொய் சொல்ல நினைக்கவில்லை அக்கா. ஒவ்வொரு முறை டெல்பீன் வரும்போதும் இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். முதலாளி பக்கத்தில் நிற்பார். அவ போய்விடுவா.

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமை சாப்பாடு இறங்கவில்லை. டெல்பீன் உறையைத் துப்புரவாக்கக் கொண்டு வந்தா. முதலாளி நிற்கும்போதே சொன்னேன். நான் செய்யவில்லை, என் அக்கா செய்தவ, திருகோணமலை என்ற ஊரில் இருக்கிறா, கல்லைத் தன் பல்லில் ஒட்டிக்கொண்டு காவலரணில் பொழுதுபடும் வரைக்கும் நின்றவ, பெயர் மரியமலர் என்று சொன்னேன். சொல்லும்போது என் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டெல்பீன் உறையை உள்பக்கம் திருப்பி, அந்த இடது பல்லின் இடத்தை விரலால் தடவினா. "எல்லாரும் இதை நேராக்குவம் எண்டுதான் என்னட்டச் சொன்னவை. இந்தப் பையன் எப்பிடி விட்டு வச்சான் எண்டு நான் யோசிச்சனான்" என்றா. பிறகு உங்கள் பெயரை எழுதித் தரச் சொன்னா. கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எனக்குப் போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் போய்விட்டா.

போன சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் அவவின் பாட்டு. நான் கடைசி வரிசையில் நின்றேன். இரண்டாம் பாட்டு முடிந்ததும் அந்தக் கடதாசியை எடுத்தா. தன் பல்லைக் காட்டி, "இது திருகோணமலையில செய்தது. செய்தவவின்ர பேர் மரியமலர். நீங்களும் சொல்லுங்கோ" என்றா. அறுநூறு பேர் சொன்னார்கள் அக்கா. அவவுக்குத் திருப்தி இல்லை, திரும்பவும் சொல்லச் சொன்னா. இரண்டாம் முறை கூரை அதிர்ந்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

மேசை போய்விட்டது. "வேலை அக்காவின்ர எண்டதுக்காக இல்லை, உன்ர எண்டு என்னை நம்ப வச்சதுக்காக" என்று முதலாளி சொன்னார். திரும்பவும் மினுக்கல் மெசினில் நிற்கிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். இனி உங்களுக்குப் பொய் எழுதுவதில்லை. இனிப் பல்லுறை ஓடர் வந்தால் உங்களுக்கு நேரே எழுதப் போவதாக முதலாளி சொல்கிறார்.

தம்பி
றொபேட்

*

லிங்கநகர்
22.11.1998

யேசு மரி சூசை துணை

என் அன்புள்ள தம்பி றொபேட்டுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நல்ல சுகம். இங்கே மாரி தொடங்கிவிட்டது. நீ சாப்பிடு. மெலிந்துபோய் நின்றால் எனக்குப் படம் அனுப்பாதே.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேசை போன இடத்தில் அம்மா அழுதா. மண்டபம் வந்த இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னா. பிறகு குணேஸ்வரியைக் கூப்பிட்டு அவவுக்கும் வாசிக்கச் சொன்னா. நேற்றுச் சந்தையில் மீன்காரர் ஒருவர், "கனடாவில பேர் கூப்பிட்டது உங்களையோ?" என்று கேட்டார். அவருடைய கீழ்ச்செற் என்னுடையதுதான். ஓம், நான்தான் என்றேன். அதுவும் நான் கட்டினதுதான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

ஓகஸ்டில் உன் மேசையைப் பற்றி எழுதினாய். எனக்குச் சந்தோஷம் வந்தது, பெருமை வரவில்லை. முதலாளிக்கு முன்னால் நின்று சொன்னதாக எழுதினாய் பார், அதை வாசித்தபோது உன்னைப் பற்றி என் நெஞ்சு நிறையப் பெருமை வந்தது. என் பெயரை அறுநூறு பேர் சொன்னதை விட, நீ ஒருவன் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்குப் பெரிது. இனி அந்தக் கதை முடிந்தது.

இத்துடன் டெல்பீனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவவுக்கு முன்னால் நின்று, அவவின் பாஷையில் சொல்லிக் காட்டு. ஒரு வரியும் விடாதே. விட்டால் எனக்குத் தெரியும்.

அன்புள்ள
அக்கா

*

அன்புள்ள டெல்பீன் அவர்களுக்கு,

உங்கள் பல்லைக் கட்டின மரியமலர் எழுதுவது. உங்கள் குரலுக்கும் பல்லுக்கும் நல்ல சுகம் கிடைக்க மாதாவை மன்றாடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்.

சாப்பிடும்போதும் படுக்கும்போதும் உறையைக் கழற்றி வையுங்கள். சுடுதண்ணீரில் கழுவ வேண்டாம், ஆறின தண்ணீரும் மெதுவான தூரிகையும் போதும். இறைச்சி எலும்பை இடப்பக்கத்தால் கடிக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. அச்சில் பார்த்தேன். அதைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. கல் ஒன்று ஆடினால் வேறு ஒருவரிடமும் கொடுக்காதீர்கள், எனக்கு அனுப்புங்கள்.

மேடையில் என் பெயரைச் சொன்னீர்கள். நான் கட்டின எந்தப் பல்லும் இதுவரை என் பெயரைச் சொன்னதில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு பெயர் விடுபட்டுப் போயிற்று. நான் அனுப்பியது அக்றிலிக் மாதிரியும் நாலு கல்லும்தான். வார்த்து வருகிற தங்கம் கறுத்து, சொரசொரத்துப் போய் வரும். அப்படியே போட்டிருந்தால் முதல் பாட்டிலேயே உங்கள் உதடு கிழிந்திருக்கும். மூன்று நாள் இருந்து, உங்கள் உதடு வழுக்கிப் போகிற அளவுக்கு, தெருவின் மற்றக் கரைக்கும் வெயிலை அனுப்புகிற அளவுக்கு ஒருவர் அதை மினுக்கியிருக்கிறார். மினுக்குகிறவரின் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. பின்னறையில் இருந்து வேலை செய்கிறவள் நான், எனக்கு அது தெரியும். அடுத்த முறை மேடையில் சொல்லும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

இதை இப்போது உங்களுக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்தான் அவர். என் தம்பி. பெயர் றொபேட்.

இப்படிக்கு,
மரியமலர்
திருகோணமலை